உலை அணைந்தால் சுவிட்சு மீது கோபம் ஏன்?

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் பெரியவர்களுக்கு ராமானுஜர் அவதரித்த தலம் நினைவுக்கு வரும். இளைஞர்களுக்கு நினைவுக்கு வருவது வேறு. ஷிப்டு, கம்பெனி பஸ், ஓவர்டைம்!

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கம்பெனி 1998-ல் கார் செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை 2010-ல் வந்தது. ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை 2013-ல் வந்தது. இவற்றுக்கு உதிரிப் பாகம் செய்து கொடுக்கும் ஆலைகளும் அந்த வட்டாரம் முழுவதும் பெருகிவிட்டன.

காருக்கு அடித்த வர்ணம் காய வேண்டும். பல்சக்கரம் கெட்டிப்பட வேண்டும். அலுமினியம் உருக வேண்டும். எல்லாவற்றுக்கும் சூடு வேண்டும். வர்ணம் காய 150 டிகிரி அளவில் சூடு இருந்தால் போதும். அலுமினியம் உருக 660 டிகிரி. பல்சக்கரத்தைப் பதப்படுத்த 900 டிகிரிக்கு மேல்! இந்தச் சூட்டைத் தரும் உலைகள் பலவற்றில் எரிவது எரிவாயுதான்.

இந்த உலைகளில் ஓயாமல் திட்டு வாங்கும் சின்னஞ்சிறு உறுப்பு ஒன்று உண்டு. அதுதான் பாதுகாப்பு சுவிட்சு. ஏன் திட்டு வாங்குகிறது? வேலை நடக்கும்போது உலையை நிறுத்திவிடுகிறதே, அதற்காக!

இரவு ஷிப்டில் எந்த ஆலையிலும் கேட்கக்கூடிய பேச்சு இது:

"அண்ணே, மறுபடியும் டிரிப் ஆயிடுச்சு!"

"ரீசெட்டை அமுக்குடா தம்பி."

"மூணு தடவை அமுக்கிட்டேன். நிக்க மாட்டேங்குது."

"இந்த சுவிட்சுக்கு வேற வேலையே இல்ல. ஒரு ஒயரைப் போட்டு டைரக்டா கொடுத்துடு!"

இந்தக் கடைசி வார்த்தை இருக்கிறதே, அதுதான் எமன்.

காவல்காரர்கள்

பாதுகாப்பு சுவிட்சு என்று ஒருமையில் சொன்னாலும் அது ஒன்றல்ல. உலைக்கு நாலைந்து காவல்காரர்கள் உண்டு. ஒருவன் காற்றைப் பார்க்கிறான். ஒருவன் வாயுவின் அழுத்தத்தைப் பார்க்கிறான். ஒருவன் சூடு எல்லை மீறுகிறதா என்று பார்க்கிறான். இன்னொருவன் தீ எரிகிறதா என்று கண் கொட்டாமல் பார்க்கிறான். எல்லோரும் "சரி" என்றால்தான் வாயு வால்வு திறக்கும். ஒருவன் "இல்லை" என்றாலும் மூடிக்கொள்ளும்.

உலை பற்றுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் விசிறி ஓடும். உள்ளே தேங்கிய பழைய வாயுவை ஊதி வெளியே தள்ளும். உலையின் கொள்ளளவைப் போல் நான்கு மடங்கு காற்றை ஊதித் தள்ளுவது வழக்கம். பிறகு தீப்பொறி. பிறகு சிறு தீ. அந்தச் சிறு தீயைக் காவல்காரன் பார்த்தால்தான் பெரிய வால்வு திறக்கும். சில விநாடிகளில் தீ தெரியாவிட்டால் உலை பூட்டிக்கொள்ளும். சிவப்பு விளக்கு எரியும்.

தீ எரிகிறது என்பது எப்படித் தெரிகிறது? வேடிக்கையான வழி! தீச்சுவாலையின் வழியாக மின்சாரம் பாயும். சுவாலைக்குள் ஒரு கம்பியை நீட்டி வைத்தால், அதன் வழியே மிக நுண்ணிய மின்சாரம் ஓடும். தீ அணைந்தால் அது நின்றுவிடும். வேறு சில உலைகளில், நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரைப் பார்க்கும் கண்ணாடிக் குமிழ் இருக்கும்.

எங்கே கோளாறு?

சரி, தீ நன்றாகத்தான் எரிகிறது. ஆனாலும் உலை அணைந்து அணைந்து போகிறது. சுவிட்சு கெட்டுவிட்டதா? அவசரப்படாதீர்கள்! பெரும்பாலும் சுவிட்சு நல்லதாகவே இருக்கும். அழுக்குதான் காரணமாக இருக்கும்.

சுவாலையில் நிற்கும் கம்பியில் கரி படிந்தால் மின்சாரம் ஓடாது. கம்பியைத் தாங்கும் பீங்கான் கீறினால் மின்சாரம் வேறு வழியில் போய்விடும். கண்ணாடிக் குமிழில் எண்ணெய்ப் புகை படிந்தால் அதற்குத் தீ தெரியாது. பர்னரின் எர்த் ஒயர் தளர்ந்திருந்தாலும் இதே கதிதான். அரைமணி நேரத்தில் துடைத்து முறுக்கித் தீர்க்கக்கூடிய வேலை இது. வாயுவை அடைத்து, மின்சாரத்தை நிறுத்தி, உலை ஆறிய பின் தெரிந்தவர் செய்ய வேண்டும்.

காற்று சுவிட்சு தகராறு செய்தால் முதலில் விசிறியைப் பார்க்க வேண்டும். வடிகட்டி அடைத்திருக்கும், பெல்ட் தளர்ந்திருக்கும், அல்லது சுவிட்சுக்குப் போகும் சிறு குழாயில் தண்ணீர் நின்றிருக்கும். ஒரு விநோதமும் நடப்பதுண்டு. கேபிள் வேலை செய்த பிறகு மூன்று பேஸில் இரண்டு இடம் மாறிவிட்டால் விசிறி தலைகீழாகச் சுற்றும். பார்ப்பவருக்கு விசிறி ஓடுகிறது. ஆனால் காற்று போதாது. இது மனிதன் கண்ணுக்குத் தப்பும், சுவிட்சுக்குத் தப்பாது!

வாயு அழுத்தம் குறைந்தாலும் உலை நிற்கும். சிலிண்டர்களிலிருந்து வேகமாக வாயுவை இழுத்தால், சித்திரை வெயிலிலும் சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் விழுந்துவிடும். குற்றம் சிலிண்டரில், திட்டு சுவிட்சுக்கு!

ரீசெட்டை அமுக்கிக்கொண்டே இருப்பதும் தவறு. ஒவ்வொரு முயற்சியிலும் கொஞ்சம் எரியாத வாயு உள்ளே போகிறது. ஒரு முறை அமுக்கியும் நிற்காவிட்டால், கையை எடுத்துவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும்.

ஒரு ஒயர் செய்யும் வேலை

இப்போது அந்த "டைரக்ட்" ஒயருக்கு வருவோம். காவல்காரனைத் தாண்டி ஒயரைப் போட்டாயிற்று. உலை ஓடுகிறது. எண்ணிக்கை ஏறுகிறது. எல்லோருக்கும் சந்தோஷம். ஒருநாள் தீ தானாக அணைகிறது. சொல்ல ஆள் இல்லை. வால்வு திறந்தே இருக்கிறது. எல்.பி.ஜி. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே வெடிக்கத் தயார். இயற்கை எரிவாயுவானால் ஐந்து பங்கு. அப்புறம் ஒரு பொறி போதும்.

1937 மார்ச் 18. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடம். கட்டடத்துக்கு அடியில் வாயு கசிந்து தேங்கியிருந்தது. அதற்கு வாசனை கிடையாது. ஆகவே ஒருவருக்கும் தெரியவில்லை. தொழில் வகுப்பில் ஒரு மின்சார இயந்திரத்தை ஓட்டியபோது பொறி எழுந்தது. கட்டடமே பெயர்ந்து விழுந்தது. சுமார் 300 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் குழந்தைகள். அதன் பிறகே அங்கு வாயுவில் நாற்றம் சேர்க்கச் சட்டம் வந்தது. நம் வீட்டு சிலிண்டரில் வரும் நாற்றமும் இப்படிச் சேர்க்கப்படுவதுதான்.

ஆனால் மூடிய உலைக்குள் மூக்கை நீட்டி யார் மோந்து பார்ப்பது? அங்கே சுவிட்சுதான் மூக்கு, சுவிட்சுதான் கண்.

பாதுகாப்புக்கு வைத்த சாதனத்தில் தொழிலாளி வேண்டுமென்றே கைவைக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதினார்கள். நியாயம்தான். ஆனால் தொழிலாளியை மட்டும் குறை சொல்வது சரியல்ல. "உற்பத்தி எங்கே?" என்று மேலே நெருக்கினால், கீழே ஒயர் போடத்தான் செய்வார்கள். உலையைத் துடைக்க அரைமணி நேரம் கொடுக்காத மேஸ்திரிக்கும் இதில் பங்கு உண்டு.

வீட்டு அடுப்பில்

தீ அணைந்தால் தானே வாயுவை அடைக்கும் அடுப்புகள் வீட்டுக்கும் வந்திருக்கின்றன. பர்னர் ஓரத்தில் ஒரு சிறு முனை நிற்கும். இரு வேறு உலோகங்களைச் சேர்த்துச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1821-ல் கண்டவர் ஜெர்மானிய விஞ்ஞானி சீபெக். அந்த மின்சாரம்தான் வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. குமிழை விட்டதும் தீ அணைகிறதா? பால் பொங்கி அந்த முனையில் படிந்திருக்கும். அடுப்பு ஆறியபின் துணியால் துடையுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். குமிழை அமுக்கியபடி கட்டி வைக்காதீர்கள்!

இந்த வசதி இல்லாத அடுப்பில் பால் பொங்கித் தீ அணைந்தால் வாயு வந்துகொண்டே இருக்கும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழும். நாற்றம் வந்தால் விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள். கதவைத் திறந்து, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். வெளியே நின்று 1906 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள்.