பாட்டியின் எண்ணெய்க் கரண்டி

நள்ளிரவு. நான்கு நாள்களாகச் சளியால் அவதிப்பட்ட தம்பி, காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறான். பாட்டி உடனே அடுப்பைப் பற்ற வைக்கிறார். கரண்டியில் நல்லெண்ணெயை ஊற்றி, நசுக்கிய பூண்டுப் பல் இரண்டைப் போட்டுக் காய்ச்சுகிறார். சூடு ஆறியதும் காதுக்குள் இரண்டு சொட்டு விடுகிறார். நம் வீடுகள் பலவற்றில் பார்த்துப் பழகிய காட்சி இது. இந்த வைத்தியம் சரிதானா?

அதை அறிய, காதின் அமைப்பைப் பார்க்க வேண்டும். பெரியவர்களின் காதுத் துளையிலிருந்து ஏறக்குறைய 2.5 சென்டிமீட்டர் உள்ளே செவிப்பறை இருக்கிறது. அதன் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். அதற்குப் பின்னால் இருப்பது நடுச்செவி எனும் காற்றறை. அங்கிருந்து மூக்கின் பின்பகுதிக்கு ஒரு மெல்லிய குழல் செல்கிறது. நாம் எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அது திறந்து, காற்றழுத்தத்தைச் சமப்படுத்துகிறது. சிறுவர்களுக்கு இக்குழல் குட்டையாகவும் அதிகச் சாய்வின்றியும் இருக்கும். சளி பிடித்தால் எளிதில் அடைத்துக்கொள்ளும். நடுச்செவியில் நீர் தேங்கும், கிருமிகள் பெருகும், செவிப்பறை வெளிப்புறமாகத் தள்ளப்படும். வலி அங்கேதான் பிறக்கிறது. படுத்தால் அழுத்தம் கூடுவதால், இரவில் வலி அதிகமாகத் தெரியும்.

பாட்டி விட்ட எண்ணெய் செவிப்பறையைத் தாண்டி நடுச்செவிக்குள் போகாது. ஆயினும், தம்பியின் அழுகை சற்று அடங்குகிறதே! அதற்குப் பெரும்பாலும் இதமான சூடே காரணம். அந்தச் சூட்டை வெளியிலிருந்தும் கொடுக்கலாம். கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து, முன்கையில் வைத்துச் சூடு பார்த்தபின், காதைச் சுற்றிப் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுத்தால் போதும். உப்பு ஒத்தடமும் பாட்டிமார் சொல்லித் தந்ததுதான். தலையணையைச் சற்று உயர்த்திப் படுப்பதும், வெதுவெதுப்பான கஞ்சியையோ ரசத்தையோ மெல்ல விழுங்குவதும் நல்லது. வலி தாங்க முடியாவிட்டால், வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம்.

எண்ணெய் ஊற்றுவதில் ஓர் ஆபத்து உண்டு. சில வேளைகளில் கடுமையான வலி திடீரெனக் குறைந்து, காதிலிருந்து நீரோ சீழோ வடியும். “அப்பாடா, குணமாகிவிட்டது!” என்று நினைத்துவிடுவோம். உண்மையில் அழுத்தம் தாங்காமல் செவிப்பறையில் ஓட்டை விழுந்திருக்கலாம். பெரும்பாலும் அது சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். ஆனால், அந்நேரத்தில் எண்ணெய் விட்டால் அது நேராக நடுச்செவிக்குள் போய்விடும். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு ஓட்டை தெரியாது. பச்சைப் பூண்டைக் காதில் செருகுவதும் வேண்டாம். அது தோலைப் புண்ணாக்கும்.

எல்லாக் காதுவலியும் சளியால் வருவதில்லை. நீச்சலுக்குப் பிறகு வலி வந்து, காது மடலை இழுக்கும்போது அது கூடினால், வெளிச்செவியில் புண் இருக்கலாம். பஞ்சுக்குச்சியால் குடைபவர்களுக்கும் இது வருவதுண்டு. கடைவாய்ப் பல் சொத்தையும் காதுவலியாகத் தோன்றும். அதற்குப் பல் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்!

நடுச்செவி வலி பெரும்பாலும் மூன்று நாள்களில் தணிந்துவிடும். தணியாவிட்டாலோ காது வடிந்தாலோ கிளினிக்குக்குச் செல்ல வேண்டும். கடும் காய்ச்சல், தலைச்சுற்றல், காதின் பின்புறம் வீக்கம் ஆகியவை இருந்தால் மூன்று நாள் காத்திருக்கக் கூடாது. கைக்குழந்தைக்கு ஒத்தடம்கூட மருத்துவரைக் கேட்ட பிறகுதான்.

பாட்டியின் கரண்டிக்கும் ஒரு வேலை உண்டு. காதுக்குள் எறும்போ பூச்சியோ புகுந்து துடித்தால், வெதுவெதுப்பான எண்ணெய் சில சொட்டு விட்டு அதை அடக்கலாம். செவிப்பறையில் ஓட்டையோ காதில் சீழோ இருப்பவர்களுக்கு மட்டும் இது கூடாது. பிறகு பூச்சியை வெளியே எடுப்பதை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டும்.