ஆரணிக்குக் கவுன்சிலர் இல்லாத ஆண்டுகள்

மக்களுக்குப் பிடிக்காத முடிவெல்லாம் ஜனநாயக விரோதம் ஆகிவிடாது. வரி உயர்வு யாருக்குத்தான் பிடிக்கும்? சட்டப்படி நடந்ததெல்லாம் ஜனநாயகம் என்றும் சொல்லிவிட முடியாது. முடிவெடுத்தவரை, அதற்குக் கட்டுப்படுகிறவர் கேள்வி கேட்கவும் ஓட்டுப் போட்டு மாற்றவும் வழி இருக்கிறதா என்பதே உரைகல்.

பட்டுச் சேலைக்குப் பேர்போன ஆரணியில் அந்த வழி ஐந்து ஆண்டுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தது. தமிழகத்தின் மற்ற உள்ளாட்சிகளைப் போலவே ஆரணி நகர்மன்றத்தின் பதவிக்காலமும் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த நகராட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடையில் நகராட்சியை நடத்தியவர்கள் அரசு நியமித்த தனி அலுவலர்கள்.

இதில் ஒரே வில்லன் என்று யாரையும் காட்ட முடியாது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிப்பைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்குத் தொடுத்தது எதிர்க்கட்சியான தி.மு.க. பழங்குடியினர் இடஒதுக்கீடு பற்றி அது எழுப்பிய கேள்வியும் பொருளற்றதல்ல. பிறகு வார்டு மறுவரையறை, மேல்முறையீடு, புதிய மாவட்டங்கள் என்று ஒவ்வொரு காரணமாக வந்தது. அ.தி.மு.க. அரசும் அவசரம் காட்டவில்லை. தனி அலுவலர்களின் காலம் சட்டமன்றத்தில் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. ஒவ்வொரு படிக்கும் சட்டத்தில் இடம் இருந்தது. எல்லாம் சேர்ந்தபோது அரசியலமைப்பின் 243-யூ பிரிவு வெறும் எழுத்தாகிப்போனது. நகராட்சியின் ஐந்தாண்டுக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அதைத் தள்ளிப்போடக் கூடாது என்று கிஷன்சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லியிருந்தது.

நடைமுறையில் என்ன குறைந்தது? மழைக்காலத்தில் கால்வாய் அடைத்துக்கொண்டு தறிக்குழியில் தண்ணீர் ஊறினால், நெசவாளர் வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்பார். கவுன்சிலர் அதை நகர்மன்றக் கூட்டத்தில் எழுப்புவார்; ஆணையரும் தலைவரும் எல்லோர் முன்னிலையிலும் பதில் சொல்லியாக வேண்டும். தனி அலுவலர் காலத்தில் தீர்மானம் போடுபவரும் அதை நிறைவேற்றுபவரும் ஒருவரே. நல்ல அதிகாரியாகவே இருக்கலாம். ஆனால் அவர் அடுத்த தேர்தலில் அந்தத் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வரப்போவதில்லை.

2018 ஜூலையில் வந்த சொத்து வரி உயர்வு இதற்கு நல்ல சான்று. குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கு 100 சதவீதம் வரை என்ற அந்த உயர்வு, விவாதிக்க ஒரு நகர்மன்றம்கூட இல்லாதபோது வந்தது. 2019-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. 2022-இல் தி.மு.க. ஆட்சியிலும் வரி உயர்ந்தது. சுமை குறையவில்லை, ஆனால் அப்போது கேட்பதற்குக் கவுன்சிலர் இருந்தார். வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வேறுபாடு அல்ல.

தேர்தல் நடந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆதிக்க சாதியினரின் எதிர்ப்பால் பலமுறை வேட்புமனுவே வரவில்லை. எப்போதாவது போட்டியிட்டு வென்றவரும் உடனே ராஜினாமா செய்தார். ஓட்டுப்பெட்டி இருந்தும் பத்தாண்டு அங்கே ஜனநாயகம் இல்லை. 2006-இல்தான் நிலைமை மாறியது.

ஆரணிப் பக்கமும் கதை முடிந்துவிடவில்லை. ஆரணியைச் சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அதில் வென்றவர்களின் பதவிக்காலம் முடிந்ததும், 2025 ஜனவரியில் அங்கே மறுபடியும் தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள்.