பழவேற்காட்டு ஏரியின் வாசல்

மாணவர்களே, விடுமுறையில் குடும்பத்துடன் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குச் சென்றதுண்டா? சென்னைக்கு வடக்கே சுமார் 55 கிலோமீட்டர்.

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் பயணம் செய்வோர் ஐர் ஏரியைக் காண்பர். அதற்குக் கடலுடன் தொடர்பில்லை. பெரும்பாலான ஆண்டுகளில் உப்புப் பாளமாகக் கிடக்கும். நமது பழவேற்காடோ முகத்துவாரத்தால் கடலுடன் இணைந்த காயல். இந்திய உவர்நீர்க் காயல்களில் சிலிக்காவுக்கு அடுத்துப் பெரியது.

மழைக்காலத்தில் ஆரணி, காளங்கி ஆறுகளின் வெள்ளம் முகத்துவாரத்து மணலை வெளியே தள்ளுகிறது. கோடையில் வெள்ளம் இல்லை. அலைகள் கரையோரமாக நகர்த்தும் மணல் அங்கே குவிந்து வாசலை அடைக்கிறது. பிறகு என்ன நேரும்? நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீர் பாதியாக வற்றினால், உப்பு லிட்டருக்கு ஏறக்குறைய 70 கிராம் ஆகிவிடும்!

இறால் கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் காயலுக்குள் வந்து வளரும். வாசல் அடைபட்டால் அவை எப்படி வரும்? இங்குள்ள மீனவர்கள் வலையிடும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். இதற்குப் 'பாடு' என்று பெயர். குஞ்சுகள் வராவிட்டால், யார் முறை வந்தாலும் வலையில் இறால் இராது.

அங்கே செல்லும்போது பூநாரைகளோடு முகத்துவாரத்தையும் பார்த்து வாருங்கள். ஏரியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.