ஹோம் மேட்ச், ஆனா வாடகை மைதானம்! கால்பந்து கிளப்புகள் ஸ்டேடியத்தை இன்னொரு அணிக்கு விடுவது ஏன்?

தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் இருக்கும் ஒரு கால்பந்து ரசிகர், சென்னையின் எஃப்சி ஆடும் ஆட்டத்தை நேரில் பார்க்க ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போடிநாயக்கனூர் போய், வாரத்தில் 3 நாள் ஓடும் சென்னை ரயிலைப் பிடிக்க வேண்டும். ராத்திரி முழுக்கப் பயணம். காலையில் சென்ட்ரலில் இறங்கினால், பெரியமேடு நேரு ஸ்டேடியம் பக்கத்திலேயே இருக்கிறது.

இவ்வளவு தூரம் வந்த பிறகு, "மேட்ச் இங்க இல்ல, புனேல" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

2015 டிசம்பரில் சென்னை ரசிகர்களுக்கு இதுதான் நடந்தது. பெருவெள்ளத்தில் நகரமே மூழ்கியிருந்த நேரம். ஐஎஸ்எல் அரையிறுதியில் சென்னையின் எஃப்சி தன் ஹோம் ஆட்டத்தில் கொல்கத்தா அணியைச் சந்திக்க வேண்டும். நேரு ஸ்டேடியத்தில் ஆட வழியில்லை. டிசம்பர் 12-ம் தேதி அந்த ஆட்டம் புனே பாலேவாடி மைதானத்தில் நடந்தது. அது அப்போது எஃப்சி புனே சிட்டி அணி ஆடிவந்த இடம். அங்கே போய் சென்னை 3-0 என்று ஜெயித்தது. அடுத்த வாரமே கோவாவில் இறுதிப்போட்டியையும் வென்று கோப்பையைத் தூக்கியது.

கோப்பை வந்துவிட்டது, சரி. ஆனால் அரையிறுதியின் ஹோம் ஆட்டத்தைச் சொந்த ஊர் ரசிகர்கள் டிவியில்தான் பார்த்தார்கள்.

ஒரு அணியின் மைதானத்தில் இன்னொரு அணி போய் 'இது எங்க ஹோம்' என்று ஆடுவது எப்படி? இதில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்? விரிவாகப் பார்க்கலாம்.

*அடுத்தவர் மைதானம் ஏன் தேவைப்படுகிறது?*

காரணங்கள் பல. அடிக்கடி வருவது இந்த நான்கும்தான்.

• இயற்கைச் சீற்றம், கலவரம், போராட்டம். சென்னை வெள்ளம் ஒரு உதாரணம். கிரிக்கெட்டில் 2018-ல் காவிரிப் போராட்டத்தின்போது சென்னை சூப்பர் கிங்ஸின் ஹோம் ஆட்டங்கள் சேப்பாக்கத்தில் இருந்து புனேவுக்கு மாற்றப்பட்டது பலருக்கும் ஞாபகம் இருக்கும். அப்போது ரசிகர்களுக்காகத் தனி ரயிலே விடப்பட்டது.

• போர். உக்ரைனின் ஷக்தார் டொனெட்ஸ்க் அணி 2014-க்குப் பிறகு தன் சொந்த மைதானத்தில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

• மராமத்து. கேம்ப் நூ ஸ்டேடியத்தை இடித்துக் கட்டும் வேலை நடந்ததால், பார்சிலோனா அணி 2023 முதல் 2 வருஷத்துக்கும் மேல் அதே நகரத்தின் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் ஆடியது.

• விதிமுறை. உள்ளூர் லீக்குக்குப் போதுமான மைதானம், சர்வதேசப் போட்டிக்குப் போதாமல் போகலாம். ஃபிளட்லைட், இருக்கைகள், வீரர்கள் அறை, கேமரா வைக்கும் இடம் என எல்லாவற்றுக்கும் அளவுகோல் உண்டு.

*கொடுக்கிற கிளப்புக்கு என்ன லாபம்?*

கணக்கு ரொம்ப எளிது. ஜெர்மனியின் முதல் இரண்டு டிவிஷன்களில் ஒரு அணிக்கு வருஷத்துக்கு 17 ஹோம் லீக் ஆட்டங்கள். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 19. கோப்பைப் போட்டிகளைச் சேர்த்தாலும் வருஷத்தில் பெரும்பாலான நாள் ஸ்டேடியம் சும்மாதான் கிடக்கும். ஆனால் செலவு சும்மா இருக்காது. புல்லை வெட்டணும், தண்ணீர் விடணும், காவலுக்கு ஆள் போடணும், கரண்ட் பில் கட்டணும், வாங்கின கடனுக்கு வட்டியும் கட்டணும்.

சும்மா கிடக்கிற ஒரு ராத்திரிக்கு வாடகை வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஜெர்மனியின் ஹாம்பர்க் அணி இதற்கு நல்ல உதாரணம். பழம்பெருமை மிக்க அந்த கிளப் 2018-ல் முதல் டிவிஷனில் இருந்து இறங்கிவிட்டது. கையில் 57 ஆயிரம் பேர் பார்க்கக்கூடிய பிரம்மாண்ட ஸ்டேடியம் இருக்கிறது. ஆனால் அந்த அணிக்கு ஐரோப்பியக் கோப்பை ஆட்டம் எதுவும் அப்போது இல்லை. மறுபக்கம் ஷக்தார் அணிக்குச் சாம்பியன்ஸ் லீக் ஆடத் தகுதி இருந்தது, ஆட இடமில்லை. 2023-24 சீசனில் ஷக்தாரின் 3 சாம்பியன்ஸ் லீக் ஹோம் ஆட்டங்களும் ஹாம்பர்க்கில் நடந்தன. நவம்பர் 7-ம் தேதி அதே மைதானத்தில் ஷக்தார் 1-0 என்று பார்சிலோனாவையே தோற்கடித்தது.

அடுத்த சீசனில் ஷக்தார் இன்னொரு ஜெர்மன் நகரத்துக்குப் போனது. கெல்சன்கிர்ஷனில் இருக்கும் ஷால்கே 04 கிளப்பின் மைதானம். ஷால்கேயும் அப்போது இரண்டாவது டிவிஷனில்தான் இருந்தது. சரிந்து கிடந்த ஒரு பெரிய கிளப்புக்கு 4 ராத்திரிக்கான வருமானம். வீடிழந்த ஒரு அணிக்கு ஐரோப்பிய மேடை. இரண்டு பக்கமும் லாபம்.

*வாடகை ஒப்பந்தத்தில் என்னவெல்லாம் இருக்கும்?*

வீட்டு வாடகைக்கு அட்வான்ஸ், மாத வாடகை, மோட்டார் கரண்ட் என்று பேசுவது மாதிரி இங்கேயும் ஒவ்வொன்றாகப் பேசி முடிக்க வேண்டும்.

• வாடகை எப்படி? ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசலாம். மொத்த சீசனுக்கும் ஒரு தொகை பேசலாம். டிக்கெட் வசூலில் பங்கும் கேட்கலாம்.

• மற்ற வருமானம் யாருக்கு? உணவுக் கடை, பார்க்கிங், விஐபி பாக்ஸ் இதெல்லாம் பெரிய பணம். இதை வீட்டுக்காரர் வைத்துக்கொண்டால், குடியிருக்கும் அணிக்கு டிக்கெட் காசு மட்டும்தான் மிஞ்சும்.

• விளம்பரப் பலகை யாருடையது? ஐரோப்பியக் கோப்பை ஆட்டங்களில் மைதானத்தின் ஸ்பான்சர் பெயரே மறைக்கப்படும். ஷால்கே ஸ்டேடியத்துக்கு ஒரு பீர் கம்பெனியின் பெயர் இருக்கிறது. சாம்பியன்ஸ் லீக் இரவில் அந்தப் பெயர் வராது, 'அரீனா அவுஃப் ஷால்கே' என்றுதான் போடுவார்கள்.

• தேதி மோதினால்? இரண்டு அணிக்கும் ஒரே நாளில் ஹோம் ஆட்டம் வந்தால் யாருக்கு முன்னுரிமை என்பதை முதலிலேயே எழுதிவிடுவார்கள். அநேகமாக வீட்டுக்காரருக்குத்தான்.

• புல்தரை கெட்டால்? பெரும்பாலான சண்டை இங்கேதான் ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் 4 நாளில் 2 ஆட்டம் நடந்தால் தரை சேறாகிவிடும். சேதத்துக்கு யார் பொறுப்பு, யார் செலவில் சரிசெய்வது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும்.

*தமிழ்நாட்டில் நிலைமை என்ன?*

இங்கேதான் கதை மாறுகிறது. ஐரோப்பாவில் பல கிளப்புகளுக்குச் சொந்த ஸ்டேடியம் உண்டு. அதனால் வாடகைக்கு விட முடிகிறது. நம்ம ஊரில் பெரிய கிளப்புகளே வாடகைக்குத்தான் இருக்கின்றன.

சென்னை நேரு ஸ்டேடியம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்குச் சொந்தமானது. சென்னையின் எஃப்சி அங்கே குடியிருக்கும் அணி. அது கால்பந்துக்கென்றே கட்டிய இடமும் இல்லை. சுற்றி ஓட்டப்பந்தய டிராக் இருப்பதால் கேலரிக்கும் புல்தரைக்கும் நடுவே பெரிய இடைவெளி. இந்த அமைப்பைத் தன் இஷ்டத்துக்கு மாற்ற குடியிருக்கும் அணியால் முடியாது.

கொச்சியிலும் இதே கதைதான். தேனிக்காரர்களுக்குச் சென்னையை விடக் கொச்சிதான் கிட்டம். போடி மெட்டு ஏறி மூணாறு வழியாகப் போய்விடலாம். அங்கே கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் கோட்டை என்று சொல்லப்படும் கலூர் ஸ்டேடியம், கொச்சி பெருநகர வளர்ச்சி ஆணையமான ஜிசிடிஏ-வுக்குச் சொந்தம். 2024-ல் சூப்பர் லீக் கேரளா தொடங்கியபோது, அதே மைதானத்தை ஃபோர்ஸா கொச்சி அணியும் ஹோம் மைதானமாக வைத்துக்கொண்டது. அப்போது இரண்டு அணிகளும் குடித்தனக்காரர்கள், வீட்டுக்காரர் ஒரு அரசு அமைப்பு.

கொல்கத்தாவில் சால்ட் லேக் ஸ்டேடியம் மாநில அரசுடையது. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற இரண்டு பரம எதிரிகளும் அங்கேதான் ஆடுகின்றன. விதிவிலக்கு ஜாம்ஷெட்பூர். அங்கே மைதானமும் டாடா ஸ்டீலுடையது, அணியும் அதே நிறுவனத்துடையது.

*சாம்பியன் ஆனாலும் சொந்த இடம் இல்லை*

தமிழ்நாட்டுக்கு இந்தப் பிரச்சினை எவ்வளவு வலிக்கும் என்று காட்டியது சென்னை சிட்டி எஃப்சி. பெயரில் சென்னை, ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். 2019 மார்ச் 9-ம் தேதி அங்கே மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என்று வென்று ஐ-லீக் சாம்பியன் ஆனது. கோவை ரசிகர்களுக்கு அது மறக்க முடியாத நாள்.

சாம்பியன் ஆனால் ஆசிய அளவில் ஆடலாம். ஆசியக் கூட்டமைப்பின் போட்டி என்றால், மைதானம் அதன் விதிப்படி தேற வேண்டும். 2020 ஜனவரியில் பஹ்ரைனின் ரிஃபா அணிக்கு எதிரான ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டம் நடந்தது குஜராத்தின் அகமதாபாத்தில். கோவையில் இருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல். 'ஹோம்' ஆட்டம்தான், ஆனால் உள்ளூர் கூட்டம் இல்லை, அந்தச் சத்தம் இல்லை. சென்னை சிட்டி 0-1 என்று தோற்றது. 2020-21 சீசனுக்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கிலேயே இல்லை.

அணி காணாமல் போனதற்கு மைதானம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம். சொந்த இடம் இருக்கும் ஹாம்பர்க், ஷால்கே மாதிரி கிளப்புகள் சரிந்தபோது, கதவைத் திறந்துவிட்டுச் சம்பாதிக்க ஒரு வழி இருந்தது. நம்ம கிளப்புகளிடம் திறந்துவிட ஒரு கதவே இல்லை.

*"காலி பண்ணுங்க" என்றால் என்ன ஆகும்?*

வாடகை இருப்பின் ஆபத்தை லண்டன் நன்றாகவே பார்த்திருக்கிறது.

1985-ல் சார்ல்டன் அணி தன் பழைய மைதானமான 'தி வேலி'யை விட்டு வெளியேறி, கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் குடியேறியது. அங்கிருந்தபடியே முதல் டிவிஷனுக்கும் முன்னேறியது. ஆனாலும் ரசிகர்களுக்கு மனசு ஆறவில்லை. ஊர் திரும்பியே ஆக வேண்டும் என்று 1990 உள்ளாட்சித் தேர்தலில் 'வேலி கட்சி' என்று ஒரு கட்சியையே ஆரம்பித்து நின்றார்கள். கிட்டத்தட்ட 15 ஆயிரம் ஓட்டு விழுந்தது. 1992 டிசம்பரில் அணி வீடு திரும்பியது.

சார்ல்டன் போன பிறகு 1991-ல் அதே செல்ஹர்ஸ்ட் பார்க்குக்கு விம்பிள்டன் வந்தது. 12 வருஷம் குடித்தனம். 2003-ல் அந்த கிளப்பை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்கே கொண்டுபோய்விட்டார்கள். முடிவு தெரிந்ததுமே, 2002-ல் ரசிகர்கள் ஏஎஃப்சி விம்பிள்டன் என்று தாங்களே ஒரு கிளப்பைத் தொடங்கினார்கள்.

அந்தப் புது கிளப்புக்கும் மைதானம் இல்லை. கிங்ஸ்டோனியன் என்ற சின்ன கிளப்பின் கிங்ஸ்மெடோ மைதானத்தில் வாடகைக்குச் சேர்ந்தது. அடுத்த வருஷமே மைதானத்தின் குத்தகை உரிமையை ஏஎஃப்சி விம்பிள்டன் வாங்கிவிட்டது. இப்போது வீட்டுக்காரர் குடித்தனக்காரர் ஆகிவிட்டார்! பிறகு மைதானம் செல்சீ கிளப்புக்குக் கைமாறியது. செல்சீ மகளிர் அணி அங்கே ஆடுகிறது. 2017-ல் கிங்ஸ்டோனியன் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேற வேண்டியதாயிற்று. மைதானத்தை விற்ற ஏஎஃப்சி விம்பிள்டன், 2020 நவம்பரில் தங்கள் பழைய பேட்டையான பிளவ் லேனில் கட்டிய புது ஸ்டேடியத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வீட்டை இழந்து தவித்த ரசிகர்கள் மீண்டார்கள். அவர்களுக்கு இடம் கொடுத்த சின்ன கிளப் தெருவுக்கு வந்தது.

*ரசிகர்கள் கவனிக்க வேண்டியது என்ன?*

உங்கள் அணியின் ஹோம் ஆட்டம் வேறு ஊருக்கு மாறுகிறது என்று செய்தி வந்தால், முதலில் காரணத்தைப் பாருங்கள். வெள்ளம், மராமத்து என்றால் அது தற்காலிகம், அணி திரும்பி வரும். திரும்பும் தேதியே சொல்லப்படவில்லை என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.

அடுத்து, டிக்கெட் தவிர்த்த மற்ற வருமானம் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். கூட்டம் வந்தும் கிளப் நஷ்டத்தில் ஓடினால், காரணம் பெரும்பாலும் அங்கேயும் இருக்கும்.

முக்கியமாக, ஒப்பந்தம் எத்தனை வருஷத்துக்கு என்று பாருங்கள். வருஷா வருஷம் புதுப்பிக்கும் வாடகை என்றால், கேலரியைச் சரிசெய்யவோ இளைஞர் அகாடமி ஆரம்பிக்கவோ எந்த கிளப்புக்கும் தைரியம் வராது. நீண்ட காலக் குத்தகை கிடைத்தால், அரசு மைதானமாகவே இருந்தாலும் கிளப் அங்கே பணம் போடும். இத்தாலியின் சான் சிரோ ஸ்டேடியம் பல வருஷமாக மிலன் மாநகராட்சியிடம் இருந்தது. அங்கே வாடகைக்கு ஆடிவந்த ஏசி மிலனும் இன்டரும் சேர்ந்து 2025-ல் அதை விலைக்கே வாங்கிவிட்டன.

தமிழ்நாட்டு கிளப்புகளுக்கு ஸ்டேடியத்தை விலைக்கு வாங்குவது இப்போதைக்கு எட்டாக்கனி. நீண்ட காலக் குத்தகை அப்படி இல்லை. அரசும் கிளப்பும் உட்கார்ந்து பேசினால் முடியும். அப்படி ஒன்று நடந்தால்தான், போடியில் ரயில் ஏறும் ரசிகர் அடுத்த வருஷமும் அதே கேலரியில் போய் உட்காரலாம் என்று நம்பி டிக்கெட் எடுக்க முடியும்.