வயிற்றுத் தழும்பு சொல்லாத சேதி

கல்வராயன் மலையில் மூங்கில் பிளப்பவரின் அருகில் சற்று நேரம் நின்று பாருங்கள். கழியைக் குறுக்கே வெட்டினால் அது முரண்டு பிடிக்கும், சிம்பு சிம்பாகத் தெறிக்கும். நுனியில் ஒரு கொத்துப் போட்டு நார் ஓடும் வாட்டத்திலேயே கத்தியை இறக்கினால் சரசரவெனப் பிளந்துகொள்ளும். மனித உடம்புக்கும் இப்படி வாட்டம் உண்டு. எங்கே, எந்தத் திசையில் கீற வேண்டும் என்ற அறுவை மருத்துவரின் கணக்கில் பாதி அதை அறிவதுதான்.

தோலின் வாட்டத்தை வரைந்து காட்டியவர் வியன்னாவின் உடற்கூறியல் அறிஞர் கார்ல் லாங்கர். 1861இல் உருண்டை முனையுள்ள குத்தூசியால் இறந்தவர்களின் உடலில் குத்திப் பார்த்தார். ஊசி உருண்டை, விழுந்த துளையோ கண்ணிமை போல நீண்டு கிடந்தது. துளைகள் நீண்ட திசைகளைச் சேர்த்தபோது உடல் முழுக்கக் கோடுகள் வந்தன. அடிவயிற்றில் அவை குறுக்காக ஓடுகின்றன. அந்தக் கோட்டோடு போகும் கீறல் மெல்லிய தழும்பாக ஆறும். எதிர்த்துப் போவது இழுபட்டுத் தடிக்கும்.

தசையின் வாட்டத்தைப் பயன்படுத்தியவர் நியூயார்க்கின் சார்லஸ் மெக்பர்னி. குடல்வால் ஆபரேஷனுக்காக 1894இல் அவர் விவரித்த முறையில் வலப்பக்க அடிவயிற்றின் மூன்று தசை அடுக்குகளையும் வெட்டுவதில்லை; ஒவ்வொன்றையும் அதனதன் நார்ப்போக்கில் விலக்குகிறார்கள். அடுக்குக்கு அடுக்கு நார் வேறு திசையில் ஓடுவதால், விலக்கிய தசைகள் மறுபடி சேரும்போது பாய்முடைந்தது போல ஒன்றையொன்று தாங்கும். பின்னாளில் அந்த இடத்தில் குடல் பிதுங்குவது குறைவு.

ஆபரேஷன் பெயர்கள் மிரட்டலாக ஒலித்தாலும் வால்களைப் பிடித்தால் பொருள் பிடிபடும். ‘ஓடமி’ என்று முடிந்தால் கீறித் திறப்பது: லேபரோடமி, வயிற்றைத் திறப்பது. ‘எக்டமி’ என்றால் வெட்டி அகற்றுவது: அப்பெண்டெக்டமி. ‘ஆஸ்டமி’ என்றால் புதிதாக ஒரு வாய் வைப்பது: கொலாஸ்டமி, பெருங்குடலுக்கு வயிற்றின் மேல் ஒரு வாய்.

நம் வீடுகளில் அதிகம் பேசப்படும் கீறல் பிரசவத்துக்கானது. ‘ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க’ என்ற ஒரே வாக்கியத்தில் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் அங்கே கீறல் ஒன்றல்ல, இரண்டு: வயிற்றின் மேல் ஒன்று, உள்ளே கருப்பையில் ஒன்று.

வயிற்றில் தொப்புளுக்குக் கீழே நெடுக்காக இறங்கும் நடுக்கோட்டுக் கீறல் பழையது. இருபக்க வயிற்றுத் தசைகளும் சேரும் அந்த வெண்கோட்டில் ரத்தக்குழாய்கள் குறைவு, சீக்கிரம் உள்ளே போகலாம். அவசரத்துக்கு இன்றும் அதுவே கை கொடுக்கும். இன்று பரவலாக இருப்பது அடிவயிற்று மடிப்பையொட்டிய குறுக்குக் கீறல். 1900இல் அதை எழுதிவைத்தவர் ஜெர்மானிய மகப்பேறு மருத்துவர் ஹெர்மன் ஃபான்னென்ஸ்டீல். தாய்மார்களின் வயிற்றில் இத்தனை கோடித் தழும்புகளுக்குப் பெயர் தந்த அவர், ஆபரேஷனில் தன் விரலில் பட்ட காயம் நஞ்சாகி 1909இல் 47 வயதில் இறந்துபோனார். அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

அடுத்த பிரசவத்தின் விதியை எழுதுவது உள்ளே இருக்கும் கீறல். கருப்பையின் கீழ்ப்பகுதி நிறைமாதத்தில் மெலிந்து விரியும். வலியின்போது அதிகம் சுருங்காது. அங்கே குறுக்காகக் கீறினால் ரத்தப்போக்கு குறைவு, தையலும் நன்றாகக் கூடும். கிளாஸ்கோ நகரின் மன்ரோ கெர் 1920களில் வாதாடி நிலைநாட்டியது இதைத்தான். குழந்தை குறைமாதமாகி கீழ்ப்பகுதி இன்னும் உருவாகாதபோதோ, சிசு குறுக்கே கிடக்கும்போதோ, சில நேரம் மேல்பகுதித் தடித்த தசையை நெடுக்காகத் திறக்க நேர்கிறது. இதற்கு ‘கிளாசிக்கல்’ என்று பெயர். கீழ்க் குறுக்குக் கீறல் உள்ள 200 பேர் அடுத்த முறை வலியெடுத்துப் பெறும்போது ஏறத்தாழ ஒருவருக்குக் கருப்பை கிழியலாம். கிளாசிக்கல் கீறலில் அந்த ஆபத்து 100க்கு 4 முதல் 9 வரை.

வெளித்தழும்பு குறுக்காக இருந்தாலும் உள்ளே நெடுக்காக இருக்கலாம். தழும்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆபரேஷன் குறிப்பில் உள்ள ஒரு சொல்தான் சாட்சி. அந்தச் சொல் நம் ஊர்ச் சீட்டுகளில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் எழுத முடியாததல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ என்று அறுவை மருத்துவ நூலையே மொழிபெயர்த்தார். ‘கருப்பைக் கீறல்: கீழே, குறுக்கு’ என்று ஒரு வரி எழுத எவ்வளவு மை செலவாகும்?

கல்வராயன் மலை இருக்கும் கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஆனாலும் மலைமேல் வெள்ளிமலைப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து மலைப்பாதை வளைவுகளைத் தாண்டித்தான் கீழே இறங்க வேண்டும். கிளாசிக்கல் கீறல் உள்ள பெண் வலி வரும்வரை மலையில் இருக்கவே கூடாது. 36, 37 வாரங்களிலேயே நாள் குறித்து ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும். அதற்கும் முன்பே மருத்துவமனைக்குப் பக்கத்தில் வந்து தங்கிவிடுவது நல்லது. தமிழ்நாட்டு மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறைகள் இருக்கின்றன. ஆனால் இந்தப் பெண்ணுக்கு அது போதாது. ஆபரேஷன் அரங்கும் ரத்தமும் தயாராக உள்ள இடம் வேண்டும். அதை அவளிடமும், அவள் மாமியாரிடமும், மலைக்கிராமத்துச் செவிலியரிடமும் சொல்லப்போவது ரேஷன் அட்டையோடு பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்திருக்கும் அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சீட்டுதான்.