ஓடும்போதுதான் அது கார்

விக்கிரவாண்டியைத் தொட்டுச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் சென்னை நோக்கிப் போனால் வண்டலூர் வரும். அங்கே ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார்களைத் தயாரித்தது. அதன் மூலமான இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டுக்கு இரண்டே கதவுகள். பின்னாளில் இங்கே வந்த நான்கு கதவு ஹெரால்டு நம் நாட்டுக்கே உரியது. அதன் பின்கதவுக்கு லண்டனில் உதிரிப்பாகம் தேடிப் பயனில்லை. தகடு தட்டத் தெரிந்த உள்ளூர் டிங்கரும், எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும் மெக்கானிக்கும்தான் கதி. 2015இல் திறக்கப்பட்ட கோவை ஜிடி கார் அருங்காட்சியகம் போன்றவை வண்டிகளைக் காக்கின்றன. அவற்றை ஓடவைக்கும் கைத்திறனைக் காப்பது, மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற உரிமையாளர் சங்கங்கள் நடத்தும் கூடுகைகள்தான்.

பழைய காரை ஓட்டினால் தேயும், புகையும் வரும். நிறுத்தி வைத்தால் போதாதா என்பது நியாயமான கேள்வியே. ஆனால் நின்றாலும் கார் கெடும்: ரப்பர் வெடிக்கும், பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரை அடைக்கும், பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துத் துருவைக் கொண்டுவரும். புகைக்கும் எல்லை உண்டு. 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளுக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவெண் தருகின்றன. கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அவை சாலைக்கு வரலாம். தேய்ந்த பாகத்தை மாற்றி, பழையதைக் குறிப்பெழுதி வைத்துவிடலாம். மறந்துபோன கைப்பழக்கத்தை எந்தக் கண்ணாடிப் பெட்டியிலிருந்தும் எடுக்க முடியாது.