மருந்துப் பொதியோடு டுபாய் செல்வோர் கவனத்திற்கு

கொள்வனவுக்காக டுபாய் செல்லும் நமது வர்த்தகர்கள் கடவுச்சீட்டையும் பணத்தையும் பத்திரப்படுத்துவார்கள். இருமலுக்கும் இடுப்பு வலிக்கும் தூக்கத்துக்கும் எடுத்துச் செல்லும் மருந்துகளைப் பற்றிப் பெரும்பாலும் யோசிப்பதில்லை. கொடீன், டிரமடோல், டயஸிபாம் போன்றவை ஐக்கிய அரபு இராச்சியத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன் அனுமதியின்றி அவற்றைக் கொண்டு செல்ல முடியாது. வைத்தியர் தந்ததுதானே என்ற சமாதானம் அங்கே போதாது.

சிறுநீர்ப் பரிசோதனை இரு கட்டங்களைக் கொண்டது. முதற்கட்டம் விரைவானது, செலவு குறைந்தது. ஆனால் அது மருந்தைப் பெயர் சொல்லி இனங்காண்பதில்லை. எந்த மருந்துக் குடும்பம் என்பதை மட்டுமே காட்டும். இரண்டாம் கட்ட ஆய்வுகூடப் பரிசோதனையே இன்ன மருந்து என்பதை உறுதிப்படுத்தும்.

சில இருமல் பாணிகளிலும் வலி மாத்திரைகளிலும் உள்ள கொடீனின் ஒரு பகுதி உடலில் மோர்பினாக மாறுகிறது. ஹெரோயினும் அவ்வாறே மாறுவதால் முதற்கட்டத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

டிரமடோல் இதற்கு நேர்மாறானது. சாதாரண அபின் வகைப் பரிசோதனையில் அது பெரும்பாலும் அகப்படாது. அதற்கெனத் தனிப் பரிசோதனை உண்டு. எனவே ஓரிடத்தில் தப்பியது மறு இடத்தில் பிடிபடலாம்.

டயஸிபாமை நீண்டகாலம் பாவித்தவரின் சிறுநீரில் அதன் தடயம், நிறுத்திப் பல வாரங்களுக்குப் பின்னரும் இருக்கக்கூடும். மூக்கடைப்புக்கான சூடோஎபிட்ரின் சில வேளை அம்பெட்டமைன் போலக் காட்டும். இரண்டாம் கட்டத்தில் உண்மை தெரியவரும்.

கசகசா விடயத்திலும் கவனம் தேவை. நாம் பலூடாவில் இடுவது துளசி இனத்தைச் சேர்ந்த விதை. ஆனால் இந்தியச் சமையலில் அதே பெயரில் வழங்குவது அபின் செடியின் விதை. அது அமீரகத்தில் தடைசெய்யப்பட்டது. உண்டவரின் சிறுநீரிலும் மோர்பின் தென்படலாம்.

ஆகவே பயணத்திற்கு முன் மருந்தின் வர்த்தகப் பெயரை விட்டு, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை வைத்தியரிடமோ பாமசியிலோ கேட்டறியுங்கள். கடவுச்சீட்டிலுள்ளபடி உங்கள் பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றுடன் ஆங்கிலத்தில் கடிதம் பெறுங்கள். கட்டுப்படுத்தப்பட்ட மருந்தாயின் அந்நாட்டு அதிகாரிகளிடம் இணையம் வழியாக முன்கூட்டியே அனுமதி எடுங்கள். மருந்தை அதன் சொந்தப் பெட்டியிலேயே வையுங்கள். ஊரார் தந்தனுப்பும் மருந்துப் பொதியை ஏற்காதீர்கள். பயந்து மருந்தை நீங்களாகவே நிறுத்தவும் வேண்டாம்.

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. சாரதியோ ஊழியரோ முதற்கட்டப் பரிசோதனையில் அகப்பட்டால் உடனே வேலையிலிருந்து நீக்கிவிடாதீர்கள். என்ன மருந்து பாவிக்கிறார் என்று கேளுங்கள்; இரண்டாம் கட்ட முடிவு வரும்வரை பொறுத்திருங்கள். ஒருவரின் வருமானமும் மானமும் அதில் தங்கியிருக்கின்றன. விசாரியாமல் தீர்ப்பளிப்பது நமது மார்க்கம் காட்டிய வழியல்ல.